இரண்டும் இடதுகால்

கல்முனைக்குடி
22.07.2024

சிபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதற்குப் பதில் சொல்வது உன் கடமை. மற்றதற்குப் பதில் எழுதுவதும் எழுதாமல் விடுவதும் உன் விருப்பம்.

என் நம்பரை புளொக் பண்ணி வைத்திருக்கிறாய். தங்கச்சி ஹுஸ்னியாவின் போனிலிருந்து எடுத்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அவளுடைய நம்பரும் போகவில்லை. பொத்துவில் ஒன்றும் கடல் கடந்த ஊர் இல்லை, பஸ் ஏறினால் வந்துவிடலாம். ஆனால் புருஷன் மௌத்தாகி நாலு மாதமும் பத்து நாளும் இந்தச் சுவருக்குள் இத்தா இருக்க வேண்டியவள் எந்த பஸ்ஸில் ஏறுவது? அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

என் புருஷனின், உன் காக்காவின் நாற்பதாம் கத்தம் ஓதி, சட்டி பானையெல்லாம் கழுவிக் கவிழ்த்த மறுநாள் நான் சிரித்தேன். அது உண்மை. நீ அறை வாசலில் நின்று பார்த்தாய். வெள்ளை உடுத்துப் பாயில் கிடந்தவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கியதை அழுகை என்று நினைத்துத்தான் ஓடி வந்திருப்பாய். உன் முகம் மாறியதைக் கண்டேன். "என்ன மதினி?" என்று கேட்டாய். "ஒண்டுமில்ல" என்றேன். அந்தப் பதில்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

தலையணைக்குக் கீழே ஒரு புத்தகம் இருந்தது. உன் காலடி கேட்டதும் தள்ளிவிட்டேன். போன் மட்டும் பாயில் கிடந்தது. நீ அதைப் பார்த்தாய். பகல் பஸ்ஸுக்கே ஊருக்குப் போய்விட்டாய்.

சோக்கு ஜவாத் என்ற கொமெடிக்காரரை உனக்குத் தெரியும். பெரிய மீசையும் சின்னத் தொப்பியுமாக டிவியில் வருவாரே, அவர்தான். மூன்று புத்தகம் எழுதியிருக்கிறார். நான் அடைந்து கிடக்கிறேன் என்று ஹுஸ்னியா வாங்கி வந்தாள். "ஓதி முடிச்ச நேரத்துக்கு வாசிங்க ராத்தா, இல்லாட்டித் தல வெடிச்சிரும்" என்றாள்.

முதலாவது 'மாப்பிள்ளை வாறார் ஒதுங்குங்கோ'. டிவியில் சொன்னதையே அச்சடித்திருக்கிறார். அவருடைய புருவம் ஏறி இறங்காமல் அந்தப் பகிடிகளுக்கு உயிரில்லை. சனம் கைதட்ட வேண்டிய இடமெல்லாம் மூன்று ஆச்சரியக்குறி. இரண்டாவது ஆஸ்பத்திரிக் கதைகள். தடித்த பெண்களைப் பற்றி அத்தனை பகிடி எழுதினவருக்கு வீட்டில் உம்மா, ராத்தா கிடையாதா என்று கேட்கத் தோன்றியது. இரண்டிலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது. நான் இன்னும் சரியான கைம்பெண்தான் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவதில் அகப்பட்டுவிட்டேன்.

இப்போது கதை வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. சந்தையில் ஒருத்தி ஹுஸ்னியாவிடம் கேட்டாளாம்: "உங்கட ராத்தா இத்தாக்குள்ள ஆரோடயோ போன்ல சிரிச்சிச் சிரிச்சிக் கதைக்கிறாவாமே?" பொத்துவிலிலிருந்து வந்த கதை என்றும் சொன்னாளாம். மாமியும் என் அழைப்பை எடுப்பதில்லை. இத்தா முடியும் முன் வந்து என்னோடு இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனவர் அவர். சிரித்த குற்றம் என்னுடையது. அதை நினைத்து ஒவ்வொரு தொழுகையிலும் அழுகிறேன். செய்யாத குற்றத்தை மாமி நம்புகிறாரா என்று மட்டும் எழுது.

றுகையா


பொத்துவில்
31.07.2024

மதினி,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடமை முடிந்தது.

போன் கதையை நான் சொல்லவில்லை. குர்ஆன் மேல் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். வந்து இறங்கிய அன்று ஸுஹைறா சாச்சி எங்கள் வீட்டில் இருந்தார். "ஏன் புள்ள திடீரெண்டு வந்துட்டாய்?" என்று கேட்டார். "அவ சிரிச்சிட்டு இரிக்கா சாச்சி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சாச்சி அதை எடுத்துக்கொண்டு நாலு வீடு ஏறி இறங்கினார். நான் கொடுத்தது ஒரு சிரிப்பு. திரும்பி வரும்போது அதற்கு ஒரு போனும் ஒரு ஆம்பிளையும் முளைத்திருக்கிறது.

அதற்காக என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கலியாணம் முடித்து என் காக்கா உங்கள் வீட்டுக்கு வந்தார். அது நம்முடைய வழக்கம், அதில் குறை இல்லை. ஆனால் மௌத்தான பிறகும் உங்கள் ஊர் மண்தான். எனக்கும் உம்மாவுக்கும் அவருடைய கபுறைப் பார்க்க வேண்டுமென்றால்கூட பஸ் ஏற வேண்டும். எங்களுக்கு மிச்சமாகக் கிடந்தது அந்த வீட்டில் உங்களோடு உட்கார்ந்து அழுகிற உரிமை ஒன்றுதான். அங்கே வந்து நின்றால் நீங்கள் சிரிக்கிறீர்கள்.

புத்தகம் என்று சொல்கிறீர்கள். சாச்சியிடம் அதையும் சொல்லிப் பார்த்தேன். "புத்தகத்துக்கு ஆரும் அப்பிடிச் சிரிப்பாகளா? அதென்ன கிதாபு?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டார். உம்மா நம்புகிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் பெயர் வந்தால் எழுந்து போய்விடுகிறார்.

அந்தப் புத்தகத்தை அனுப்புங்கள். பக்கத்தையும் எழுதுங்கள். காக்காவை மண்ணில் வைத்து நாற்பது கழிந்த மறுநாள் அவருடைய மனுசியைச் சிரிக்க வைக்கிற எழுத்து எது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும்.

சிபானா


கல்முனைக்குடி
08.08.2024

அன்பின் சிபானா,

ஹுஸ்னியா தபால் கந்தோருக்குப் போகிறாள். புத்தகத்தைப் பொதி செய்து, பிரித்து, மறுபடி பொதி செய்தேன். இதை உனக்கு அனுப்புவதா என்று இன்னும் முடிவாகத் தெரியவில்லை. நீ பிரித்துப் பார்க்கும்போது நான் அனுப்பியது சரியா பிழையா என்பதும் தெரிந்துவிடும்.

'வழியில் ஏறியவர்கள்' என்பது இதன் பெயர். மேடைக்கு ஊர் ஊராகப் போனபோது கண்ட மனிதர்களைப் பற்றியது. மற்ற இரண்டையும்விட இது நல்ல புத்தகம் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். இதில் அவர் அவசரப்படவில்லை. ஒரு ஆளை வாசலில் நிறுத்தி, உட்கார வைத்து, பேச விட்டுப் பிறகுதான் பகிடி பண்ணுகிறார். ஆச்சரியக்குறியும் குறைந்திருக்கிறது.

'இரண்டும் இடதுகால்' என்ற அத்தியாயத்தைப் பார். "பொத்துவிலில் பிறந்து கல்முனைக்குடியில் பெண் எடுத்த ஒரு வான்காரர்" என்று தொடங்குகிறது. பெயர் இல்லை. பெயர் எதற்கு?

போன வருஷத்துக்கு முதல் வருஷம் கல்முனையில் சோக்கு ஜவாத்தின் நிகழ்ச்சி நடந்தது. அவரைக் கொழும்பிலிருந்து தன் வான் வண்டியில் ஏற்றி வந்தது உன் காக்காதான். மகியங்கனைப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளியில் லுஹர் தொழ இறங்கியிருக்கிறார். வாசலில் கிடந்ததெல்லாம் ஒரே நிற றப்பர் செருப்பு. கிடைத்ததைக் கொழுவிக்கொண்டு வந்து வானை எடுத்துவிட்டார். வெகுதூரம் வந்த பிறகுதான் கால் உறுத்தியதாம். குனிந்து பார்த்தால் இரண்டும் இடதுகால் செருப்பு. அதுவும் இரண்டு வேறு வேறு ஆட்களுடையது.

உன் காக்காவை உனக்குத் தெரியும். வானைத் திருப்பிவிட்டார். அடுத்தவர் பொருள் காலில் கிடக்கிறது என்று தெரிந்த பிறகு அவர் எப்படி மேற்கொண்டு ஓட்டுவார்? அங்கே போனால் பள்ளி வெறிச்சோடிக் கிடக்கிறது. அஸர் தொழுகைக்கு வருகிற ஒவ்வொருவர் காலையும் குனிந்து பார்த்துக்கொண்டு இவர் படியில் உட்கார்ந்திருக்கிறார். பெரிய கொமெடிக்காரர் வானுக்குள் வேர்த்துக்கொண்டிருக்கிறார், ஒருவரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் நொண்டி நொண்டி வருகிறார். அவர் காலில் இரண்டும் வலது. ஒன்று அவருடையது, மற்றது உன் காக்காவுடையது. "இரண்டு இடதும் இரண்டு வலதும் ஒன்றின் காலை ஒன்று பார்த்து ஸலாம் சொல்லிக்கொண்டன" என்று எழுதியிருக்கிறார். பிறகு உன் காக்காவின் இடது செருப்பைக் கொழுவிக்கொண்டு போன மூன்றாவது ஆளைத் தேடி வீடு வீடாக அலைந்திருக்கிறார்கள். ஆறு செருப்பும் சொந்தக்காரர் காலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கல்முனையில் காத்திருந்த சனமும் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

நடுவில் வான்காரர் வீட்டுக்குப் போன் எடுக்கிறார். அவருடைய மனுசி சொல்கிறாள்: "ரெண்டும் இடதுண்டா சமனாத்தானே இரிக்கும், அழுத்தி ஓட்டிட்டு வாங்க."

அது நான் சொன்னது, சிபானா. ஒரு எழுத்தும் மாறாமல் அச்சில் கிடந்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசியிருக்கிறார், வெட்கம் கெட்ட மனிசன். அன்றைக்குப் பிந்தி வந்ததற்கு ஏசினேன். திரும்பிப் போய்ச் செருப்புத் தேடியதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. "அந்த மனிசன் வழி முழுக்க ஒருக்காவும் சிரிக்கல்ல" என்று மட்டும் சொன்னார்.

வாசித்ததும் நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவரிடம் காட்டத் திரும்பினேன். அப்போது வாசலில் உன் காலடி கேட்டது.

அவரைப் பற்றி ஊரார் சிரிக்கிற மாதிரி எழுதியிருக்கிறது. நான் கோபப்பட்டிருக்க வேண்டும். முதலில் சிரித்தவள் நானாக இருக்கிறேன். அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

றுகையா


பொத்துவில்
17.08.2024

மதினி,

புத்தகம் கிடைத்தது. அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு நின்றபடியே வாசித்தேன். சோறு அடிப்பிடித்ததுதான் மிச்சம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று அதில் இருக்கிறது. காக்காவின் திக்குவாய். "ஹா... ஹா... ஹாஜியார், உங்கட கா... காலக் காட்டுங்க" என்று எழுத்து எழுத்தாகப் பிரித்துப் போட்டிருக்கிறான். பக்கத்துக்கு மூன்று இடத்தில். சின்ன வயதில் அதற்காகப் பள்ளிக்கூடத்தில் காக்காவை என்ன பாடு படுத்தினார்கள் தெரியுமா? உம்மா எத்தனை இடத்தில் ஓதிப் பார்த்தார், எத்தனை தேன் நக்கக் கொடுத்தார். வளர்ந்த பிறகு அந்நியரைக் கண்டால்தான் வரும். வழி முழுக்கச் சிரிக்காமல் வந்தவன் அதைத்தான் குறித்துக்கொண்டு வந்திருக்கிறான். காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு விற்க.

நீங்கள் அதை மறைத்தீர்கள். எனக்கு நோகும் என்று மறைத்தீர்களா, உங்களுக்கு நோகும் என்றா?

அந்த ஆளுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். "நீங்கள் விற்ற மனிதர் மௌத்தாகிவிட்டார்" என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் வரவில்லை. கிழித்துப் போட்டேன்.

இங்கே கதை மோசமாகிக்கொண்டிருக்கிறது. சாச்சி இப்போது அந்த ஆளுக்கு ஊரும் தொழிலும் வைத்துவிட்டார். அக்கரைப்பற்றில் கடை வைத்திருக்கிறவனாம். நான் போய், "அப்பிடி ஒண்டுமில்ல சாச்சி, அது நான் கண்ட சிரிப்பு, எனக்குத் தெரியும்" என்றேன். "நீ தானே புள்ள கோவிச்சிக்கிட்டு வந்தாய்?" என்று கேட்டார். என் கோபத்தையே அவர் சாட்சிக்கு வைத்திருக்கிறார். எவ்வளவு கத்தினாலும் இனி என் வாயை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அந்தப் பக்கத்தைச் சாச்சி வீட்டில் நாலு பெண்கள் முன்னால் வாசித்துக் காட்டினால் எல்லாம் தீரும் என்று எனக்குத் தெரியும். உங்கள் பெயர் துலங்கிவிடும். ஆனால் வாசித்தால் காக்கா இந்தத் தெருவில் மறுபடி திக்குவார். அவர் சின்ன வயதில் திக்கித் திக்கி நடந்த அதே தெரு. உங்களையா, அவரையா என்று கேட்டால் நான் எதைச் சொல்வது? உம்மாவுக்குப் புத்தகம் வந்திருப்பதையே சொல்லவில்லை. அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

சிபானா


கல்முனைக்குடி
26.08.2024

அன்பின் சிபானா,

வாசிக்க வேண்டாம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

இத்தா முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். வெளியே இறங்கினால் நானே நடந்து திரிந்து என் முகத்தைக் காட்டிக்கொள்வேன். தேர்தலும் வருகிறது, சனத்துக்குப் பேச வேறு ஆள் கிடைக்கும். மாமியின் மனது மட்டும்தான் எனக்கு வேண்டும். அதற்கு நேரம் எடுத்தால் எடுக்கட்டும்.

திக்குவாயை ஏன் மறைத்தாய் என்று கேட்டாய். உனக்கு நோகும் என்று எழுதினால் நல்ல பேர் எடுத்துக்கொள்ளலாம். அது பொய். எனக்கு முதலில் சிரிப்பு வந்ததே அந்த இடத்தில்தான். என்னுடைய வார்த்தையைக் கண்டது அதற்குப் பிறகு.

நீ கோபப்படும் முன் இதையும் கேள். கலியாணம் முடித்த புதிதில் என்னோடும் திக்கினார். என் பெயரைச் சொல்ல அவருக்கு ஒரு பாடு. "றூ... றூ..." என்று நிற்பார், நான் வேண்டுமென்றே உதவாமல் நிற்பேன். ஒரு நாள் கறிக்கு உப்புக் கூடிப்போய்விட்டது. ஒரு திக்கலும் இல்லாமல், மழை கொட்டியது போல் என்னை ஏசினார். ஏசி முடித்துவிட்டுத்தான் இருவருக்கும் விளங்கியது. அன்றைக்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன், அவர் பயந்துபோனார். அதற்குப் பிறகு என்னோடு திக்கவே இல்லை.

அந்தத் திக்குகிற குரலை நான் மறந்திருந்தேன். போனில் அவருடைய வொய்ஸ் மெசேஜ் நிறைய இருக்கிறது, எல்லாம் திக்காத குரல். இந்தப் புத்தகத்தில் அந்நியரோடு பேசுகிற அவர் இருந்தார். பயந்து, வெட்கப்பட்டு, இருந்தும் விடாமல் கேட்கிற அவர். ஹா, ஹா என்று வாசித்ததும் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய குறையைப் பார்த்து நான் சிரித்தேன் என்பதும் உண்மை. அவர் வந்துவிட்டார் என்று சிரித்தேன் என்பதும் உண்மை. எது கூட, எது குறைய என்று அளந்து பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

உனக்கு விளங்க வைப்பதற்காகப் போன கடிதத்தில் அந்தக் கதை முழுவதையும் எழுதினேன் இல்லையா? எழுதி முடித்த பிறகு அந்தப் பக்கத்தை ஒரு தடவை வாசித்தேன். சிரிப்பு வரவில்லை. குரலும் கேட்கவில்லை. வெறும் எழுத்தாகக் கிடந்தது. உனக்கு அனுப்பியதில் அதனால் எனக்கு நட்டம் ஒன்றும் இல்லை. நீயே வைத்துக்கொள்.

றுகையா


பொத்துவில்
09.09.2024

என் மதினிக்கு,

வாசித்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் பார்த்து ஒரு கிழமை சும்மாதான் இருந்தேன். றபீஉனில் அவ்வல் மாதம் பிறந்ததும் சாச்சி வீட்டில் நபிகள் பேரில் மௌலூது ஓதினார்கள். உம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஓதி முடிந்து தேத்தண்ணி வந்ததும் சாச்சி தொடங்கினார். "அக்கரப்பத்தான் இத்தா முடியுமட்டும் பொறுத்துக்கிட்டு இரிக்கானாம்" என்றார். உம்மா இருக்கிறார் என்றும் பார்க்கவில்லை. உம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய் அரிசிப் பானைக்குள் கையை விட்டேன். திரும்பி வந்து நடு வீட்டில் நின்றேன். "இதுக்குத்தான் மதினி சிரிச்ச. இது என்ட காக்கா. கேளுங்க" என்று சொல்லி வாசித்தேன். ஒன்றையும் விடவில்லை. ஹா, ஹாவையும் வாசித்தேன். அதை விட்டால் நம்பமாட்டார்கள் என்று நினைத்தேன்.

சிரித்தார்கள். முதலில் ஒருத்தி, பிறகு எல்லோரும். நீங்கள் சொன்னது வந்ததும் வீடே அதிர்ந்தது. சாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அள்ளாவே, இதுக்கு ஆருதான் சிரிக்க மாட்டா? பாவம் அந்தப் புள்ள, இதுக்கா சிரிச்ச?" என்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, "நான் அப்பயே சொன்னன்தானே, அவ நல்ல புள்ள" என்றும் சொன்னார். உங்கள் பெயர் அந்த இடத்திலேயே துலங்கிவிட்டது. அக்கரைப்பற்றுக் கடைக்காரன் தேத்தண்ணி ஆறும் முன்னமே மறைந்துபோனான்.

அதோடு முடிந்திருக்கலாம். "அந்த ஹாஜியார் இடத்த இன்னொருக்கா வாசி புள்ள" என்று கேட்டார்கள். நான் வாசிக்கவில்லை. ஒருத்தி எழுந்து இரண்டு காலையும் ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, ஹா ஹா என்று திக்கி நடந்து காட்டினாள். நன்றாகத்தான் செய்தாள். காக்காவைத் தெரிந்தவள். மறுபடியும் சிரிப்பு. உம்மா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கொமெடிக்காரனைத் திட்டிக் கிழித்தேனே, அவன் செய்ததைத்தானே நானும் செய்து முடித்திருக்கிறேன்.

திரும்பி வந்து வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் உம்மா கேட்டார்: "சமனாத்தானே இரிக்கும் எண்டு சொன்ன ஆரு?"

"மதினி" என்றேன்.

"அவட கத மாதிரித்தான் இரிந்திச்சி" என்றார். பிறகு, "எப்ப பஸ் இரிக்கி?" என்று கேட்டார். வியாழக்கிழமை வருகிறோம். இத்தா முடியும் வரை உம்மா உங்களோடு இருப்பார்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் கடிதம். அன்றைக்கு நீங்கள் சிரிக்கும்போது நான் வாசலில் நின்றேன். என்ன என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றீர்கள், போய்விட்டேன். உள்ளே வந்து, பாயில் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். நீங்கள் சொல்லியிருப்பீர்கள். நம் இருவரோடும் அந்தச் சிரிப்பு நின்றிருக்கும். இப்போது தெரு முழுக்கச் சிரிக்கிறது, மதினி. எல்லோரும் சிரிக்கிறார்கள், எனக்கு மட்டும் இன்னும் சிரிப்பு வரவில்லை.

சிபானா